எட்டு டிரம்மும் கொஞ்சம் தெர்மாகோலும்

என் வீட்டுக்காரர் வெல்டர். நான் டீச்சர். மரக்காணத்துக்கும் பாண்டிக்கும் நடுவில், ரோட்டைப் பார்த்து அவர் பட்டறை, அதற்குப் பின்னால் எங்கள் வீடு. பக்கத்து ஊர் நடுநிலைப் பள்ளியில் நான் அறிவியல் எடுக்கிறேன். கல்யாணமான நாளிலிருந்து எங்கள் வீட்டில் நடக்கும் சண்டையில் பாதி, பொருள்களைப் பற்றி யாருக்கு அதிகம் தெரியும் என்பதைப் பற்றியது. மீதிப் பாதி சாம்பாரில் உப்பைப் பற்றியது. அவருக்கு என் சாம்பாரில் உப்பு எப்போதும் ஒரு கல் குறைவாகவோ ஒரு கல் கூடவோதான் இருக்கும். சரியாக இருந்ததாக இதுவரை தகவல் இல்லை.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிட வேண்டும். அவர் சத்தியம் செய்தால் அதைக் காப்பாற்றுவார். ஒருமுறை சிகரெட்டை விட்டுவிடுவதாகச் சத்தியம் செய்தார், அன்றோடு விட்டார். என் தம்பியோடு இனிமேல் பேசுவதில்லை என்று ஒரு காதுகுத்தில் வைத்துச் சத்தியம் செய்தார், அதையும் விடாமல் காப்பாற்றி வருகிறார். அதனால் அவர் வாயைத் திறந்து "மாதா மேல" என்று ஆரம்பித்தால் எனக்கு ஓடிப்போய் அதைப் பொத்தத் தோன்றும்.

அந்த வருஷம் எங்கள் மாதா கோயில் பங்குக்குப் புதுச் சாமியார் வந்திருந்தார். மேற்கே எங்கேயோ கல்லும் முள்ளுமான ஊர்க்காரர். தண்ணீர் நிறைந்த ஏரியை அவர் படத்தில்தான் அதிகம் பார்த்திருந்தார் என்று நினைக்கிறேன். கோயிலுக்குப் பின்னால் இருக்கிற ஏரி டிசம்பரில் நிறைந்துவிடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். உடனே, டிசம்பர் எட்டாம் தேதி மாதா திருவிழாவுக்குத் தேருக்குப் பதிலாகத் தெப்பம் விடலாம், மாதா ஏரியைச் சுற்றி வரட்டும் என்று அவருக்குத் தோன்றிவிட்டது.

பங்குப் பேரவைக் கூட்டத்தில் இதைச் சொன்னதும் குப்பத்துக்காரர்கள் சந்தோஷமாக எழுந்தார்கள். எங்கள் பங்கில் கடலுக்குப் போகிறவர்கள் ஒரு பக்கம், உப்பளத்து ஆட்கள் ஒரு பக்கம், நாங்கள் அதில் சேர்த்தி. பேரவைத் துணைத் தலைவர் குப்பத்துக்காரர். சொந்தமாக போட் வைத்திருப்பவர். ரெண்டு பைபர் போட்டைச் சேர்த்துக் கட்டினால் தெப்பம் ரெடி என்றார். எல்லா வருஷமும் மாதாவின் தேரைத் தூக்க முதல் தோள் குப்பத்துக்காரர்களுடையது. தெப்பமும் அவர்களுடையது என்றால் உப்பளத்து ஆட்கள் கரையில் நின்று கை தட்டுவதோடு சரி. அப்போதுதான் என் வீட்டுக்காரர் எழுந்தார்.

"தெப்பம் நான் செஞ்சு தர்றேன் சாமி. ஆங்கிள் ஃபிரேமு, கீழ டிரம்மு, மேல பிளைவுட்டு."

துணைத் தலைவர் சிரித்தார். "ஏம்பா, நீ வெச்ச கேட்டே தரையில நிக்கல. தெப்பம் எங்க தண்ணில நிக்கப் போவுது?"

கல்லறைத் தோட்டத்து கேட் ரெண்டு வருஷத்துக்கு முன் என் வீட்டுக்காரர் செய்தது. வைத்த மாதமே கீலோடு பிடுங்கிக்கொண்டு விழுந்தது. விழுந்த இடத்தில் துணைத் தலைவரின் ஸ்கூட்டர் நின்றிருந்தது. தூணைக் கட்டிய கொத்தனார் சிமெண்டு சரியாகப் போடவில்லை, கேட்டில் ஒரு குறையும் இல்லை என்பது என் வீட்டுக்காரர் கட்சி. அது உண்மையும்கூட. ஆனால் ஸ்கூட்டர்மேல் கிடந்தது கேட்தானே தவிர தூண் இல்லை. அதற்குப் பிறகு கோயில் வேலை எதற்கும் அவரைக் கூப்பிடவில்லை. அவர் வெளியில் காட்டிக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகும்போது மட்டும் கல்லறைத் தோட்டம் இல்லாத வழியாகச் சுற்றிக்கொண்டு போவார்.

"தெப்பம் தண்ணிக்குள்ள போச்சுன்னா மறுநாளே பட்டறைய இழுத்து மூடிடறேன்," என்றார். "அப்புறம் வெல்டிங் ராட கையால தொட மாட்டேன். மாதா மேல சத்தியம்."

என் சம்பளத்தில் குடும்பம் நடந்துவிடும், அது பிரச்சினை இல்லை. வேலை இல்லாமல் இந்த மனுஷரால் இருக்க முடியாது. காய்ச்சலில் படுத்திருந்த ஒரு வாரத்தில் வீட்டிலிருந்த கரண்டி எல்லாவற்றையும் நிமிர்த்தி வைத்தார். நிமிர்ந்திருந்தவற்றையும் சேர்த்து.

டிரம்கள் புதுச்சேரியில் பழைய சாமான் கடையில் கிடைத்தன. நீல நிறப் பிளாஸ்டிக் டிரம், ஒவ்வொன்றும் இருநூறு லிட்டர் பிடிக்கும். மாங்காய் ஊறுகாய் வந்த டிரம்கள். சோப்புப் போட்டு, புளி போட்டு, கடைசியில் டெட்டால் ஊற்றியும் கழுவிப் பார்த்தோம். ஊறுகாய் டெட்டாலையும் சாப்பிட்டுவிட்டு அப்படியே இருந்தது. எட்டு டிரம்முக்கும் மூடியை இறுக்கி, சுற்றிலும் பேஸ்ட் வைத்து அடைத்தார். நாலு நாலாக ரெண்டு வரிசை. மேலே இரும்பு ஆங்கிள் ஃபிரேம். அதற்கு மேலே பலகை. வேலையில் குறை சொல்ல முடியாது. ஒவ்வொரு வெல்டையும் தட்டிப் பார்த்து, தடவிப் பார்த்து, சிலவற்றை உடைத்துத் திரும்பப் போட்டார். கேட் விழுந்ததிலிருந்து அப்படித்தான்.

தெப்பம் முடிந்தது அக்டோபர் தொடக்கத்தில். மழை இன்னும் வரவில்லை. ஏரியில் பசங்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். கடலில் விட்டுப் பார்க்கலாம் என்றால் அலை புரட்டிவிடும், அதோடு குப்பத்துக்காரர்கள் பார்ப்பார்கள். அந்த நாட்களில் எங்கள் பக்கத்தில் அசையாமல் தண்ணீர் நிற்கிற ஒரே இடம் உப்பளம்தான். பாத்திகளுக்குத் தண்ணீர் விடுவதற்காகத் தேக்கி வைத்திருக்கும் பெரிய குட்டை ஒன்று உண்டு. இடுப்பளவு ஆழம். சீசன் முடிகிற நேரம் என்பதால், மாதக்கணக்கில் வெயிலில் காய்ந்து வற்றி, எண்ணெய் மாதிரி கெட்டியாகி நின்றது அந்தத் தண்ணீர். தெப்பத்தை டிராக்டரில் ஏற்றி அங்கே கொண்டுபோனார்கள்.

நான் அப்போதே சொன்னேன். "ஏங்க, இது கனமான தண்ணி. இதுல மிதக்கறதெல்லாம் ஏரியில மிதக்கும்னு சொல்ல முடியாது."

"தண்ணில ஏதும்மா கனமான தண்ணி, லேசான தண்ணி?"

"இருக்குதுங்க. ஒரே குடத்துல இதப் புடிச்சு தூக்கிப் பாருங்க, ஏரித் தண்ணியப் புடிச்சு தூக்கிப் பாருங்க. ஒரு பொருளு தண்ணில எறங்கும்போது தண்ணிய ஒதுக்குது இல்ல, அந்த ஒதுங்கின தண்ணி என்ன எடையோ அவ்ளோதான் அதைத் தாங்கும். இந்தத் தண்ணி எடை ஜாஸ்தி, அதனால ஜாஸ்தி தாங்கும்."

"டீச்சர்," என்றார். கோபம் வந்தால் அவருக்கு மரியாதை கூடிவிடும். "நீங்க அதைக் கிளாஸ்ல நடத்துங்க. பரீட்சைக்கு உதவும்."

அவரை மட்டும் குறை சொல்லவும் முடியாது. எங்கள் ஊரில் தண்ணீர் என்றால் உப்புத் தண்ணீர். மற்றதை நல்ல தண்ணீர் என்று தனியாகச் சொல்ல வேண்டும். நாங்கள் எல்லோரும் சின்ன வயதில் இந்தக் குட்டையில் மல்லாந்து கிடந்தவர்கள்தான். கையைக் காலை ஆட்ட வேண்டாம். முங்க நினைத்தாலும் விடாது, மேலே தூக்கிப் போட்டுவிடும். உடம்பில் சிராய்ப்பு இருந்தால் மட்டும் உயிர் போகும். அதனால் உப்பளத்து ஆட்களில் பாதிப் பேருக்கு நீச்சல் தெரியாது, ஆனால் மிதக்கத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். என் வீட்டுக்காரர் அந்தப் பாதியில் ஒருவர். தண்ணீரில் தனக்கு ஒன்றும் ஆகாது என்று இன்றைக்கும் சொல்வார்.

சோதனை பிரமாதமாக நடந்தது. மாதா நிற்கிற இடத்தில் எடைக்கு எடை உப்பு மூட்டைகளை வைத்தார்கள். சாமியாருக்கும் பாட்டுக்காரர்களுக்கும் பதிலாக உப்பு வாரும் பெண்கள் ஏறி நின்றார்கள். நல்ல கனமாகப் பார்த்துத்தான் என் வீட்டுக்காரர் ஆளைக் கூப்பிட்டார், அதைக் கூப்பிடும்போதே காரணத்தோடு சொல்லியும் விட்டார், அதற்காகத் திட்டும் வாங்கினார். அவ்வளவு பேர் ஏறியும் டிரம் நாலு விரல் வெளியே தெரிந்தது. ஒரு பெண் மூட்டைமேல் ஏறிக் கைகூப்பி நின்று மாதா மாதிரி தலையைச் சாய்த்தாள். எல்லோரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. என் பையிலிருந்து சாக்பீஸை எடுத்து, தண்ணீர் நிற்கிற மட்டத்தில் டிரம்மில் ஒரு கோடு போட்டார். போட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

நான் அதற்குமேல் பேசவில்லை. மாதா சபைக்கு நான் செயலாளர். எனக்கு மேகம் செய்கிற வேலை இருந்தது.

மாதா மேகத்தின் மேல் நிற்க வேண்டும் என்று சபைப் பெண்கள் ஆசைப்பட்டார்கள். ஊரில் ஃபிரிட்ஜும் டிவியும் வாங்கியவர்கள் வீட்டிலெல்லாம் பரணில் தெர்மாகோல் இருந்தது. வாங்கிவந்து, அடுக்கடுக்காக ஒட்டி, மேகம் மாதிரி வெட்டி, ஓரத்தில் லேசாக ஊதா அடித்தோம். முழங்கால் உயரத்துக்குப் பெரிய பெரிய மேகங்கள். பலகையின் நாலு ஓரத்திலும், மாதாவின் பீடத்தைச் சுற்றியும் வைத்து, ஃபிரேமோடு சேர்த்துக் கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டினோம்.

"எதுக்கு இந்தக் குப்பையெல்லாம்? பாரம்," என்றார் என் வீட்டுக்காரர்.

"தெர்மாகோல் பாரமாங்க?"

"பாரம் இல்லன்னாலும் அசிங்கம்."

நவம்பரில் மழை நன்றாகப் பெய்தது. ஏரி கரைவரை நிறைந்தது. மழைத் தண்ணீர், வாயில் ஊற்றிக் குடிக்கலாம் போல லேசான தண்ணீர். கோடையில் மண் எடுத்த லாரிகள் தோண்டிவிட்டுப் போன பள்ளங்களும் அதற்கடியில் இருந்தன. எங்கே எவ்வளவு ஆழம் என்று யாருக்கும் தெரியாது.

திருவிழா அன்று சாயங்காலம் பூசை முடிந்து மாதாவைத் தெப்பத்தில் ஏற்றினார்கள். சாமியார் ஏறினார். கொடி பிடிக்கிறவர்கள், பாட்டுக்காரர்கள் ஏறினார்கள். கடைசி நேரத்தில் துணைத் தலைவர், சீரியல் பல்புக்கு என் செலவு என்று சொல்லி ஒரு ஜெனரேட்டரைக் கொண்டுவந்து ஏற்றினார். அதைத் தூக்க நாலு பேர் தேவைப்பட்டது. என் வீட்டுக்காரர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பின்பக்க மூலையில் நின்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு களை வந்து நான் பார்த்து ரொம்ப நாள் ஆகியிருந்தது.

கரையோரம் ஆழம் இல்லாததால் தெப்பம் பாதி சேற்றில் உட்கார்ந்திருந்தது. அதனால் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. முன்னால் ஒரு பைபர் போட்டில் குப்பத்துக்காரர்கள் ரெண்டு பேர் துடுப்புப் போட்டு இழுத்தார்கள். தெப்பம் சேற்றை விட்டு நகர்ந்தது. நகர நகர இறங்கியது.

நான் கரையில் நின்று, அவர் பிறகு பெயிண்டால் அழுத்திவைத்திருந்த சாக்பீஸ் கோட்டைத் தேடினேன். கோடு தண்ணீருக்கடியில் போயிருந்தது. கொஞ்ச நேரத்தில் டிரம்மே தெரியவில்லை. ஊறுகாய்க் கம்பெனி பெயர் இருந்த இடத்தில் தண்ணீர் இருந்தது. பிறகு பலகையின் விளிம்பு போனது. பாட்டுக்காரர் ஒருவர் வேட்டியைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தார். ஜெனரேட்டர் இருமியது, இன்னொரு முறை இருமியது, நின்றது. விளக்கு அணைந்தது. மைக் அணைந்தது. கையில் இருந்த மெழுகுவர்த்தி வெளிச்சம் மட்டும் மிச்சம்.

எனக்கு ஜெபமாலை கையிலிருந்து நழுவிவிட்டது. அந்த மனுஷருக்கு நீச்சல் தெரியாது. தெரியாது என்பதும் அவருக்குத் தெரியாது. "ஏங்க!" என்று கத்தினேன். பாட்டில் அது யாருக்கும் கேட்கவில்லை. சாமியார் பாட்டை நிறுத்தவே இல்லை. செருப்புக்கு மேல் தண்ணீர் ஏறியபோது, தெப்பம் என்றால் இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது என்று தான் நினைத்ததாகப் பிறகு சொன்னார். அவர் ஊரில் தெப்பம் கிடையாது.

கணுக்கால் அளவு வந்ததும் இறங்குவது நின்றது.

ஏன் நின்றது என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. மேகங்கள் தண்ணீரில் இறங்கியிருந்தன. கட்டுக்கம்பி இழுபட்டு விறைத்து நின்றது. காற்றையே அடைத்து வைத்த மாதிரி இருக்கிற பொருள் அது. கைப்பிடி எடைகூட இல்லாமல், தண்ணீரை மட்டும் நிறைய ஒதுக்கும். எட்டு டிரம்மும் முடியாது என்று கையை விரித்த இடத்தில், ஃபிரிட்ஜ் பெட்டியிலிருந்து வந்த தெர்மாகோல் தாங்கிக்கொண்டிருந்தது. நான் அழுதுகொண்டே மேகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கரையில் மற்றவர்கள் பார்த்தது வேறு. இருட்டத் தொடங்கிய நேரம். பலகை தெரியவில்லை, டிரம் தெரியவில்லை. ஏரி நடுவில் மேகம். மேகத்துக்கு மேல் மாதா. பக்கத்தில் மெழுகுவர்த்தியோடு சாமியாரும் மற்றவர்களும் தண்ணீர்மேல் நின்றபடி நகர்ந்து போகிறார்கள்.

"ஐயோ, மாதா தண்ணி மேல நடந்து வர்றாங்கடி," என்றாள் என் பக்கத்தில் நின்றவள். சொல்லிவிட்டு முட்டி போட்டாள். அவளுக்குப் பக்கத்தில் இருந்தவள் முட்டி போட்டாள். கரை முழுக்க முட்டி போட்டது. "மரியே வாழ்க" என்று ஒரு சத்தம் எழுந்தது, ரோட்டில் போன பஸ்ஸெல்லாம் நின்றன. நான் மட்டும் நின்றுகொண்டிருந்தேன். யாரோ என் புடவையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்கள்.

தெப்பத்தில் எல்லோரும் மாதாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு சுற்றுச் சுற்றி, கரைக்கு வந்து எல்லோரும் இறங்கினார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவர் ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு வீடுவரை வெறுங்காலோடு வந்தார். மறுநாள் காலையில் பட்டறை ஷட்டர் ஏறவில்லை.

அதற்குப் பிறகு நடந்தவை எங்கள் கையில் இல்லை. புதுமை, மாதாவின் அற்புதம், நடந்துவிட்டது என்று பெருமுக்கல்வரை பேச்சுப் போயிற்று. பொம்மையார்பாளையத்திலிருந்து வேன் வைத்துக்கொண்டு வந்தார்கள். டிரம்மைத் தொட்டுக் கும்பிட்டார்கள். மல்லிகைப்பூ வாசனை வருகிறது என்றார்கள். மேகத்தைக் கிள்ளிக் கிள்ளி எடுத்துப்போனதில் ரெண்டு வாரத்தில் மேகமே இல்லை. ஜுரத்துக்குத் தலையணையடியில் வைத்துக்கொண்டதாக ஒரு பெண் என்னிடம் சொன்னாள். ஜுரம் விட்டுவிட்டதா என்று கேட்டேன். விட்டுவிட்டது என்றாள். மாத்திரையும் சாப்பிட்டதாகச் சொன்னாள்.

வேலையும் வந்தது. மாதாவைச் சுமந்த தெப்பம் செய்த கை என்று தேடிவந்தார்கள். உடைந்த கேட்டு, கிரில், மாட்டு வண்டி அச்சு எல்லாவற்றையும் மூடின ஷட்டருக்கு முன்னால் இறக்கி வைத்துவிட்டுப் போனார்கள். அவர் ஒன்றையும் தொடவில்லை. தெப்பத்தைப் பிரித்து டிரம்மை மட்டும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். உள்ளே எலும்பு மாதிரி காய்ந்திருந்தது, ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. ஃபிரேமில் விரிசல் இல்லை. எல்லாம் சரியாக இருந்தது. அதுதான் அவரைத் தின்றது. ஓட்டை இருந்திருந்தால் அவர் பிழைத்திருப்பார்.

கரண்டியை நிமிர்த்தினார். பீரோ கதவின் கீலைக் கழற்றி மாட்டினார். பிறகு அதையும் விட்டுவிட்டு வெறுமனே உட்கார்ந்திருந்தார். பேச்சுக் குறைந்தது. சாப்பாடு குறைந்தது. பூசைக்குப் போகும்போது ஜனங்கள் வழிவிட்டு நின்றார்கள், அதைப் பார்த்து அவர் பூசைக்கே பிந்திப் போய்க் கடைசியில் நிற்க ஆரம்பித்தார்.

நானும் ஒன்றும் சொல்லவில்லை. "நான்தான் அன்னிக்கே சொன்னேனே" என்பது என் நாக்கு நுனியில் வாரக்கணக்கில் நின்றது. எனக்கு அது பெரிய விரதம். ஆனால் அவர் இருந்த இருப்பைப் பார்த்தால் மனசு வரவில்லை. "விடுங்க, எல்லாம் நல்லபடியாத்தானே முடிஞ்சுது," என்று மட்டும் சொல்வேன். அப்படிச் சொல்கிற ஒவ்வொரு முறையும் அவர் இன்னும் கொஞ்சம் சுருங்கினார்.

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலைப் பூசைக்குப் பிறகு பேரவைக் கூட்டம். அடுத்த வருஷத் திருவிழாவைப் பற்றிப் பேச்சு வந்ததும் அவர் எழுந்தார்.

"சாமி, ஒண்ணு சொல்லணும். அது புதுமை இல்ல. என் தெப்பம் மூழ்கிடுச்சு. நான் எங்கயோ தப்பு பண்ணிட்டேன். எங்கன்னுதான் தெரியல."

ஒரு பெரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "என்னா தாழ்மை பாரு," என்றாள். எல்லோரும் கை தட்டினார்கள்.

துணைத் தலைவர் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "ஏம்பா, அந்தக் கேட்டு விஷயத்துல நான் பேசினது தப்பு. கொத்தனார்தான் ஏமாத்திட்டான். எல்லார் முன்னாடியும் சொல்றேன், மன்னிச்சுடு."

இந்த வார்த்தைக்காக என் வீட்டுக்காரர் ரெண்டு வருஷம் காத்திருந்தார். அன்றைக்கு அதைக் கேட்டுவிட்டு, கடனே என்று தலையை ஆட்டினார். அடுத்த வருஷமும் அதே மாதிரி, கணுக்கால் வரைக்கும் தண்ணீர் வருகிற மாதிரியே தெப்பம் செய்யச் சொல்லிச் சாமியார் கேட்டுக்கொண்டார். அப்போதும் தலையை ஆட்டினார்.

வீட்டுக்கு வந்து சோறு போட்டேன். முள்ளங்கிச் சாம்பார். தலையைக் குனிந்தபடி சாப்பிட்டார், மறு சோறும் வாங்கிக்கொண்டார், கையைக் கழுவிவிட்டுப் போய் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு நான் சாப்பிட உட்கார்ந்து ஒரு வாய் வைத்தேன். சாம்பாரில் உப்பே இல்லை. கூடக் குறைய இல்லை, மொத்தமாகப் போட மறந்திருக்கிறேன். அவர் ஒரு தட்டு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

எனக்குப் பயம் வந்துவிட்டது. ஏரிக்கரையில் நின்றபோது வந்த அதே பயம். அன்றைக்காவது கணுக்காலோடு நின்றது. இந்த மனுஷர் என் கண்ணெதிரில் இறங்கிக்கொண்டே இருக்கிறார், நான் பாவம் பார்த்து வாயை மூடிக்கொண்டு கரையில் நிற்கிறேன்.

சாப்பாட்டை வைத்துவிட்டு எழுந்தேன். பையிலிருந்து சாக்பீஸை எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் நின்றேன்.

"தப்பு உங்களோடதுதான். நான்தான் அன்னிக்கே சொன்னேனே."

அவர் தலையைத் தூக்கினார்.

"உப்பளத்துல வெச்சு டெஸ்ட் பண்ணாதீங்கன்னு சொன்னேனா இல்லையா? கேட்டீங்களா? கிளாஸ்ல நடத்துங்கன்னீங்க. இப்ப நடத்தறேன், பாருங்க." சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து எழுதினேன். "ஒரு டிரம்மு எரநூறு லிட்டரு. ஏரியில முழுசா எறங்கினா எரநூறு கிலோ தாங்கும், அவ்ளோதான் அதால முடியும். அந்தக் குட்டையில அதே டிரம்மு எரநூத்தி நாப்பது தாங்கும், ஏன்னா அந்தத் தண்ணி அவ்ளோ கனம். டிரம்முக்கு நாப்பது. எட்டு டிரம்முக்கு?"

அவர் சாக்பீஸையே பார்த்தார்.

"எட்டு நாப்பது?"

"முன்னூத்தி இருபது," என்றார்.

"அந்த முன்னூத்தி இருபது கிலோவ உப்பளத்துலயே விட்டுட்டு வந்துட்டீங்க. அது பத்தாதுன்னு மேல ஜெனரேட்டர் வேற. ஓட்டையும் இல்ல, வெல்டிங்கும் போகல. தண்ணி வேற தண்ணி. அதான்."

ரொம்ப நேரம் அந்தக் கணக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அப்ப அடியில போயிருக்கணுமே? ஏன் போகல?" என்றார்.

"எங்க மேகம்."

"என்னாது?"

"உங்க டிரம்மு கையை விரிச்சப்புறம் எங்க தெர்மாகோல்தான் தாங்குச்சு. எறங்கினதும் தண்ணிய ஒதுக்குச்சில்ல. குப்பைன்னீங்களே, அதுதான் உங்களையும் மாதாவையும் கரை சேர்த்துச்சு."

அவர் முகம் சிவந்தது. மூச்சு ஏறி இறங்கியது. பல வாரத்துக்குப் பிறகு முதுகு நிமிர்ந்தது. "தெர்மாகோலா? டீச்சர், தெர்மாகோலா தாங்குச்சு? நான் ராவும் பகலும் குந்திப் போட்ட ஃபிரேம விட்டுட்டு, டிவிப் பொட்டியில வந்த தெர்மாகோலு தாங்குச்சா? இன்னும் ரெண்டு டிரம்மு சேர்த்திருந்தா உங்க மேகமே தேவையில்ல!"

"நாலு சேர்க்கணும்."

"ரெண்டு போதும்."

"ஜெனரேட்டரையும் சேர்த்துக் கணக்குப் போடுங்க. நாலு."

"ஜெனரேட்டர எவன் ஏத்தச் சொன்னான்? ரெண்டுங்கறேன். அடுத்த வருஷம் மாதா கால் நனையாம வருவாங்க பாரு. உன் மேகத்தக் கொண்டுபோய் பரண்ல போடு."

எழுந்து, ஆணியில் தொங்கிய பட்டறைச் சாவியை எடுத்தார். சத்தியத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் ஞாபகப்படுத்தவில்லை. அவர் மீறிய சத்தியம் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். மாதாவிடம் நான் பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். பெண்பிள்ளைக்குப் பெண்பிள்ளை அவங்களுக்குப் புரியும்.

வாசல்வரை போனவர் நின்று திரும்பினார்.

"அப்புறம், சாம்பார்ல உப்பே இல்ல," என்றார்.

ஷட்டர் ஏறுகிற சத்தம் கேட்டது. நான் சமையலறைக்குப் போய், அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நன்றாக அழுதேன். பிறகு மிச்சமிருந்த சாம்பாரில் உப்பைப் போட்டுக் கலக்கிவிட்டு, சாப்பிட உட்கார்ந்தேன்.